லூட்டன் டவுன் எப்படி மேலே வந்தது: ஐந்தாம் பிரிவிலிருந்து பிரீமியர் லீக் வரை

2023 மே 27, லண்டன் வெம்ப்ளி மைதானம். 85,711 பேர் பார்த்துக்கொண்டிருக்க, கவென்ட்ரி சிட்டியின் ஃபன்காட்டி டாபோ அடித்த பெனால்டி கோல் கம்பத்துக்கு மேலே பறந்தது. பெனால்டியில் 6-5 என்று ஜெயித்த லூட்டன் டவுன், 31 ஆண்டுகளுக்குப் பிறகு இங்கிலாந்துக் கால்பந்தின் உச்சப் பிரிவுக்குத் திரும்பியது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்புவரை ஐந்தாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த கிளப் அது.

இதை அதிசயம் என்று சொல்வது எளிது. ஆனால் அந்த சீசனை ஆட்டம் ஆட்டமாகப் பார்த்தால் வேறொரு கேள்விதான் முன்னால் வந்து நிற்கும். நவம்பரில் மேலாளர் விட்டுப்போனார், ஜனவரியில் வலது பக்கம் முழுவதும் ஏறி இறங்கி ஆடும் விங்-பேக் போனார். பெரும்பாலான கிளப்புகள் அந்த இடத்திலேயே சரிந்துவிடும். லூட்டன் எப்படிப் பத்தாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு ஏறியது? அதற்கான விடை அந்த ஒரு சீசனுக்குள் இல்லை.

முதலில் போட்டியின் அமைப்பு. உச்சப் பிரிவான பிரீமியர் லீக்குக்கு ஒரு படி கீழே இருப்பது சாம்பியன்ஷிப். 24 அணிகள், ஆளுக்கு 46 ஆட்டங்கள். முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் நேரடியாக மேலே போவார்கள். 2022-23இல் மூன்றிலிருந்து ஆறு வரை முடித்த நான்கு அணிகள் ப்ளே-ஆஃப் ஆடின: மூன்றாவது அணி ஆறாவதோடும், நான்காவது ஐந்தாவதோடும், ஊருக்கு ஒன்றாக இரண்டு ஆட்டங்கள். இரண்டின் கோல்களையும் கூட்டிப் பார்ப்பார்கள். வெளியூரில் அடித்த கோலுக்குத் தனி மதிப்பு கிடையாது. ஜெயித்த இருவருக்கும் வெம்ப்ளியில் ஒரே ஓர் இறுதியாட்டம். பட்டியலில் மேலே முடித்த அணிக்கு இரண்டாவது ஆட்டம் சொந்த ஊரில் கிடைக்கும். கேட்கச் சின்ன சலுகைதான். 2023இல் லூட்டனைக் காப்பாற்றியதில் அதற்கும் பங்குண்டு.

பணக் கணக்கு தெரியாமல் இந்த வெற்றியின் அளவு புரியாது. பிரீமியர் லீக்கிலிருந்து கீழே விழும் கிளப்புக்கு மூன்று ஆண்டுகள் வரை ‘பாராசூட்’ தொகை வரும். ஒளிபரப்பு வருமானத்தில் ஒவ்வொரு பிரீமியர் லீக் கிளப்புக்கும் சமமாகப் பிரித்துத் தரும் பங்கில், முதல் ஆண்டு 55 சதவீதம், அடுத்த ஆண்டு 45, மூன்றாம் ஆண்டு 20. (மேலே ஒரே சீசன் மட்டும் இருந்துவிட்டு விழுந்தவர்களுக்கு மூன்றாம் ஆண்டுத் தொகை கிடையாது.) முதல் ஆண்டில் மட்டும் இது 4 கோடி பவுண்டைத் தாண்டும். அந்தத் தொகை இல்லாத சாம்பியன்ஷிப் கிளப்புக்குப் பிரீமியர் லீக்கிலிருந்து வருவது ஏறக்குறைய 50 லட்சம் பவுண்டு. 2022-23 சீசனில் பர்ன்லி, வாட்ஃபோர்ட், நார்விச் மூன்றும் புதிதாக விழுந்து முதல் ஆண்டுத் தொகையோடு வந்தவை. ஷெஃபீல்டு யுனைடெட் இரண்டாம் ஆண்டில் இருந்தது. பர்ன்லி 101 புள்ளி, ஷெஃபீல்டு யுனைடெட் 91. நேரடி இடங்கள் இரண்டும் பாராசூட் கிளப்புகளுக்கே போயின. அடுத்து நின்றது 80 புள்ளியோடு லூட்டன்: 21 வெற்றி, 17 டிரா, 8 தோல்வி, அடித்தது 57 கோல், வாங்கியது 39.

57 என்பது மூன்றாம் இடத்து அணிக்குப் பெரிய எண்ணிக்கை அல்ல. 39ஐத்தான் கவனிக்க வேண்டும். ஆட்டத்துக்கு ஒரு கோலுக்கும் குறைவாக வாங்கும் அணிக்கு, முன்னால் ஒரே ஒருவர் தொடர்ந்து கோல் அடித்தாலே போதும். கார்ல்டன் மோரிஸ் அந்த லீக் சீசனில் 20 அடித்தார்.

முப்பது புள்ளி கழித்த ஆண்டு

லூட்டன் நகரம் லண்டனுக்கு வடக்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் இருக்கிறது. ஒரு காலத்தில் தொப்பித் தொழிலுக்குப் பேர்போன ஊர் என்பதால் அணிக்கு ‘ஹேட்டர்ஸ்’ என்று பட்டப்பெயர். கிளப் தொடங்கியது 1885இல். 1988இல் ஆர்சனலை 3-2 என வீழ்த்தி லீக் கோப்பை வென்றார்கள். பிரீமியர் லீக் உருவாவதற்குச் சம்மதித்த 22 முதல் பிரிவு கிளப்புகளில் லூட்டனும் ஒன்று. ஆனால் 1992இல், அது தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பு, சீசனின் கடைசி நாளில் நாட்ஸ் கவுன்ட்டியிடம் தோற்றுக் கீழே விழுந்தார்கள்.

மிக மோசமான காலம் 2007இல் தொடங்கியது. நவம்பரில் கிளப் திவாலாகி நிர்வாகிகள் கைக்குப் போனது. அதற்காக 10 புள்ளி கழிக்கப்பட்டு மூன்றாம் பிரிவில் கடைசி இடம். அடுத்த சீசன் தொடங்கும் முன்பே இன்னும் 30 புள்ளி போனது: முந்தைய உரிமையாளர்கள் காலத்தில் வீரர் முகவர்களுக்குப் பணம் கொடுத்த முறைகேட்டுக்காகக் கால்பந்துச் சங்கம் 10, கடன் கொடுத்தவர்களோடு முறைப்படி உடன்பாடு செய்யாமல் திவாலிலிருந்து வெளிவந்ததற்காக லீக் நிர்வாகம் 20. இங்கிலாந்து லீக் வரலாற்றில் அவ்வளவு பெரிய கழிப்பு அதற்கு முன் நடந்ததில்லை. 2008-09இல் அணி களத்தில் எடுத்தது 13 வெற்றி, 17 டிரா, அதாவது 56 புள்ளி. அந்தப் பிரிவில் சிரமமின்றித் தப்பிக்கப் போதுமான எண்ணிக்கை. கழித்த பிறகு மிஞ்சியது 26. ஐந்தாம் பிரிவுக்குப் போனார்கள். தவறு செய்தவர்கள் அப்போது கிளப்பில் இல்லை. தண்டனையைச் சுமந்தது அடுத்து வந்தவர்களும் ரசிகர்களும்தான். அந்த அநியாயம் இன்றைக்கும் லூட்டனில் யாருக்கும் மறக்கவில்லை.

ஐந்தாம் பிரிவிலிருந்து வெளியே வருவது பலர் நினைப்பதைவிடக் கடினம். 24 அணிகளில் ஒன்றுதான் நேரடியாக மேலே போகும், இன்னொன்று ப்ளே-ஆஃப் வழியாக. லூட்டன் 2010இல் ப்ளே-ஆஃப் அரையிறுதியில் தோற்றது, 2011இல் இறுதியில் ஏஎஃப்சி விம்பிள்டனிடம் பெனால்டியில் தோற்றது, 2012இல் மறுபடி இறுதியில் யார்க் சிட்டியிடம் தோற்றது. ஐந்தாம் சீசனில்தான், ஜான் ஸ்டில் பயிற்சியில், 101 புள்ளியோடு முதலிடம் பிடித்து வெளியேறினார்கள். அந்தப் பிரிவிலும் ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் தவறாமல் வந்தார்கள். நுழைவுச்சீட்டு வருமானம் நிற்காமல் இருந்ததால்தான் கிளப்பை வாங்கிய ‘2020’ கூட்டமைப்பு கடன் வாங்காமல் நடத்த முடிந்தது. அந்தக் கூட்டமைப்பில் இருந்தவர்கள் பெரும் கோடீஸ்வரர்கள் அல்ல, ரசிகர்களாக இருந்து முதலீடு செய்தவர்கள். தலைமை நிர்வாகி கேரி ஸ்வீட் அந்த நாளிலிருந்தே பொறுப்பில் இருந்தார். கிளப்பின் பெயர், நிறம், சின்னம் இவற்றை மாற்ற வேண்டுமானால் ரசிகர் அறக்கட்டளையின் ஒப்புதல் தேவை என்று 2014இல் எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு ஏணி வேகமாக ஏறியது. 2018இல் நான்காம் பிரிவில் இரண்டாமிடம். 2019இல் மூன்றாம் பிரிவில் 94 புள்ளியோடு முதலிடம். சாம்பியன்ஷிப்பில் முதல் ஆண்டு 51 புள்ளி, கடைசி நாளில்தான் தப்பித்தார்கள். அடுத்த ஆண்டு 62. அதற்கடுத்த ஆண்டு 75, ஆறாமிடம், ப்ளே-ஆஃப் அரையிறுதியில் ஹடர்ஸ்ஃபீல்டிடம் தோல்வி. பிறகு 80. 51, 62, 75, 80 என்ற இந்த வரிசையைப் பார்த்தவர்களுக்கு 2023 வானத்திலிருந்து குதித்ததாகத் தோன்றாது.

ஆளுக்கேற்ற அணியா, அணிக்கேற்ற ஆளா

லூட்டனின் வீரர் பட்டியலை யார் எங்கிருந்து வந்தார்கள் என்று பிரித்தால் ஒரு முறை தெரியும். டாம் லாக்கியர் சார்ல்டனிலிருந்தும், ஜோர்டன் கிளார்க் அக்ரிங்டன் ஸ்டான்லியிலிருந்தும், கேப்ரியல் ஓஷோ ரீடிங்கிலிருந்தும், அமரி பெல் பிளாக்பர்னிலிருந்தும் ஒப்பந்தம் முடிந்து, மாற்றுத்தொகை இல்லாமல் வந்தவர்கள். எலைஜா அடபாயோ நான்காம் பிரிவு வால்சாலில் ஆடிக்கொண்டிருந்தார். மோரிஸ், அப்போதுதான் சாம்பியன்ஷிப்பிலிருந்து விழுந்த பார்ன்ஸ்லியிலிருந்து வந்தார். பெல்லி ருடொக் எம்பன்ஸு 2013இல், கிளப் ஐந்தாம் பிரிவில் இருந்தபோது வந்தவர். ஒரே கிளப்போடு ஐந்தாம் பிரிவிலிருந்து பிரீமியர் லீக் வரை எல்லாப் படியும் ஏறிய முதல் வீரர் அவர்.

ஆள் தேர்வில் முக்கியக் கை மிக் ஹார்ஃபோர்டுடையது. 1988இல் லீக் கோப்பை வென்ற அணியின் முன்கள வீரர். 30 புள்ளி கழித்த ஆண்டில் மேலாளர், அந்த ஆண்டிலேயே வெம்ப்ளியில் ஃபுட்பால் லீக் டிராஃபியையும் வென்று கொடுத்தார். 2019இல் மேலாளர் நடுவில் போனபோது தற்காலிகமாகப் பொறுப்பேற்று மூன்றாம் பிரிவுப் பட்டத்தை முடித்துக் கொடுத்தார். கிளப்புக்கு எந்த வகை வீரர் பொருந்துவார் என்பதை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை.

அந்த வகை என்ன? உடல் வலு, ஓட்டம், வான்வழிப் பந்தில் வெல்லும் திறன், தொண்ணூறு நிமிடமும் எதிரியை நெருக்கும் மனம். பந்தை அழகாகக் கடத்தும் வீரரின் விலை எல்லாச் சந்தையிலும் உச்சத்தில் இருக்கும். இந்த மற்றத் திறன்களைப் பெரிய கிளப்புகள் குறைத்து மதிப்பிடும். அங்கேதான் சிறிய பணத்துக்கு நல்ல ஆள் கிடைப்பார்.

2022 நவம்பர் 10 அன்று மேலாளர் நேதன் ஜோன்ஸை பிரீமியர் லீக்கின் சவுத்தாம்ப்டன் அழைத்துக்கொண்டது. இந்த மாதிரி நேரத்தில் வழக்கமாக நடக்கும் பிழை ஒன்றுண்டு. கிளப் ஒரு பெயர்பெற்ற மேலாளரைத் தேடும். அவர் வந்ததும் நான்கு பேர் கொண்ட தடுப்பு வரிசை, பின்னாலிருந்து பந்தைக் கட்டிக் கொண்டுவரும் ஆட்டம் என்று தன் முறையைப் புகுத்துவார். அதற்கேற்ற வீரர்கள் இருக்க மாட்டார்கள். ஜனவரியில் அவசரமாக ஆறேழு பேரை வாங்குவார்கள். மார்ச்சில் புள்ளி குறைந்து, மே மாதம் அவரையும் அனுப்பிவிடுவார்கள். அவரை நீக்கியதற்கான இழப்பீடும் சம்பளமும் சேர்ந்து அடுத்த ஆண்டு வரவு செலவையும் தின்றுவிடும்.

லூட்டன் ஒரு வாரத்துக்குள் ராப் எட்வர்ட்ஸை அமர்த்தியது. அவரை அந்த செப்டம்பரில்தான் வாட்ஃபோர்ட் வெறும் 11 ஆட்டங்களுக்குப் பிறகு நீக்கியிருந்தது. வாட்ஃபோர்ட் லூட்டனின் பரம எதிரி. அங்கிருந்து நீக்கப்பட்டவரைக் கூட்டிவருவதை ரசிகர்களில் பலர் சந்தேகத்தோடுதான் பார்த்திருப்பார்கள். ஆனால் அதற்கு முந்தைய சீசனில் அவர் ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸை நான்காம் பிரிவு சாம்பியனாக்கிய விதம்தான் லூட்டனுக்கு முக்கியம்: பின்னால் மூன்று தடுப்பாட்டக்காரர்கள், பக்கங்களில் விடாமல் ஏறி இறங்கும் விங்-பேக்குகள், முன்னால் இரண்டு முன்களவீரர்கள். லூட்டன் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த அமைப்பும் அதுவே. அமைப்பைத் தொடாமல் நுணுக்கத்தை மட்டும் திருத்தத் தெரிந்த ஆள் கிடைத்தார்.

காலமும் கைகொடுத்தது. கத்தார் உலகக் கோப்பைக்காகச் சாம்பியன்ஷிப் டிசம்பர் 10 வரை நின்றிருந்தது. சீசன் நடுவில் வரும் மேலாளருக்கு வழக்கமாகப் பயிற்சிக்கு இரண்டு மூன்று நாள்தான் கிடைக்கும். சனி, செவ்வாய், சனி என்று ஆட்டங்கள் துரத்தும். எட்வர்ட்ஸுக்கு மூன்று வாரம் முழுசாகக் கிடைத்தது.

ஜனவரியில் விங்-பேக் ஜேம்ஸ் பிரீயும் சவுத்தாம்ப்டன் போனார். பதிலுக்கு லீட்ஸிலிருந்து கோடி டிராமேவையும், ஆஸ்டன் வில்லாவிலிருந்து நடுக்களத்துக்கு மார்வலஸ் நகாம்பாவையும் கடனாக, அதாவது தற்காலிகமாக ஆட, வாங்கினார்கள். கோல்கீப்பர் ஈதன் ஹார்வத் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டிலிருந்து கடனாக வந்து தொடக்கத்திலிருந்தே ஆடிக்கொண்டிருந்தார். ஓர் ஆட்டத்துக்கான பட்டியலில் ஐந்து கடன் வீரர்களுக்கு மேல் வைக்க லீக் விதி அனுமதிக்காது. லூட்டன் எண்ணிக்கையை நிரப்பாமல், ஓட்டை விழுந்த இடத்துக்கு மட்டும் ஆள் எடுத்தது.

களத்தில் இது இப்படி வேலை செய்தது. எதிரணி பின்னாலிருந்து பந்தைத் தொடங்கும்போது லூட்டனின் இரண்டு முன்களவீரர்களும் எதிரணியின் நடுத் தடுப்பாட்டக்காரர்களை ஆளுக்கொருவராக நெருக்குவார்கள். பந்து பக்கவாட்டில் போனதும் அந்தப் பக்கத்து விங்-பேக் பாய்ந்து வருவார். அவர் விட்ட இடத்தை மூன்று பேரில் ஒருவர் வெளியே நகர்ந்து மூடுவார். மீதி இருவர் நடுவைக் காப்பார்கள். பின்னால் மூன்று பேர் இருப்பதன் பயனே இதுதான், ஒருவர் துணிந்து வெளியே வர முடியும். பந்து லூட்டன் கைக்கு வந்தால் நேராக, நீளமாக, அடபாயோவையோ மோரிஸையோ நோக்கிப் போகும். அவர்கள் அதை முழுவதும் கட்டுப்படுத்த வேண்டும் என்றில்லை. மோதிச் சிதறும் அந்த ‘இரண்டாம் பந்தை’ கிளார்க், ஆலன் கேம்பெல், எம்பன்ஸு மூவரில் ஒருவர் பொறுக்குவார். அங்கிருந்து இடது பக்கம் ஆல்ஃபி டௌட்டியின் குறுக்குப் பந்து, கார்னர், நீள த்ரோ.

இந்த முறைக்குப் பலவீனமும் உண்டு. எதிரணி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒரே உதையில் பந்தை மாற்றிவிட்டால் தூரத்து விங்-பேக் சரியான இடத்துக்கு வரத் தாமதமாகும். எதிரணி முன்னேறாமல் தன் பெட்டிக்குள்ளேயே பத்து பேரை நிறுத்திவிட்டால் நெருக்குவதற்கே யாரும் இருக்க மாட்டார்கள், நீளப் பந்துகள் அவர்கள் தலையில்தான் போய் விழும். 17 டிராவில் கணிசமானவற்றுக்கு இதுதான் காரணம் என்பது எங்கள் கணிப்பு.

2022 அக்டோபரில் வாட்ஃபோர்டிடம் 0-4 என்று தோற்றிருந்த அதே அணி, 2023 ஏப்ரல் 1 அன்று சொந்த மைதானத்தில் 2-0 என்று திருப்பிக் கொடுத்தது. கோல் அடித்தவர்கள் ஓஷோவும் கேம்பெல்லும். எட்வர்ட்ஸைப் பற்றி மிஞ்சியிருந்த சந்தேகம் அன்றோடு போயிருக்க வேண்டும்.

மூன்று ஆட்டங்கள்

அரையிறுதி முதல் ஆட்டத்தில் சண்டர்லாந்திடம் 1-2 தோல்வி. ஆனால் சண்டர்லாந்தின் உயரமான நடுத் தடுப்பாட்டக்காரர்கள் காயத்தில் வெளியே இருந்தார்கள். மே 16 இரண்டாவது ஆட்டம், லூட்டனின் சொந்த மைதானமான கெனில்வொர்த் ரோடு. லூட்டன் திட்டத்தில் ரகசியம் எதுவும் இல்லை: கார்னர் வாங்கு, பந்தைப் பெட்டிக்குள் உயர்த்து. பத்தாவது நிமிடம் கார்னர் நெரிசலில் ஓஷோ அடித்தார். இடைவேளைக்குச் சற்று முன் டௌட்டியின் குறுக்குப் பந்தை லாக்கியர் தலையால் முட்டினார். 2-0, மொத்தத்தில் 3-2. கோல் அடித்த இருவரும் தடுப்பாட்டக்காரர்கள்.

இறுதியில் எதிரே கவென்ட்ரி. இதே இரண்டு கிளப்புகளும் 2017-18இல் நான்காம் பிரிவில் சேர்ந்து ஆடி, சேர்ந்தே மேலே வந்தவை. ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களில், பக்கத்தில் யாரும் இல்லாதபோது லாக்கியர் மைதானத்தில் சரிந்து விழுந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், இதயத் துடிப்புச் சீர்கெட்டது காரணம் என்று பிறகு தெரிந்தது. அந்த அதிர்ச்சியிலும் அணி அமைப்பு கலையவில்லை. 23ஆவது நிமிடம் அடபாயோ இடது பக்கம் பந்தைக் காத்து வைத்துக் கொடுக்க, கிளார்க் அடித்தார். 66இல் கவென்ட்ரியின் குஸ்தாவோ ஹேமர் சமன் செய்தார். கூடுதல் நேரம் முடியும் தறுவாயில் லூட்டனின் ஜோ டெய்லர் பந்தைப் பறித்து அடித்த கோலை, பந்து கையில் பட்டதாக வீடியோ நடுவர் ரத்து செய்தார். பெனால்டியில் முதல் பத்து உதையும் கோல். ஆறாவதாக டான் பாட்ஸ் அடித்தார், டாபோ தவறவிட்டார்.

கணக்கு நிறுவனமான டெலாய்ட் அந்த ஓர் ஆட்டத்தின் மதிப்பை, மூன்று சீசன்களில் குறைந்தது 17 கோடி பவுண்டு என்று கணித்தது. மேலே ஓர் ஆண்டு தாக்குப்பிடித்தால் 29 கோடி.

வெற்றியோடு மைதான வேலையும் வந்து சேர்ந்தது. 1905இலிருந்து இருக்கும் கெனில்வொர்த் ரோடில் அப்போது 10,356 இடங்கள். வெளியூர் ரசிகர்கள் ஓக் ரோடில் வரிசை வீடுகளின் தரைத்தளத்துக்குள் புகுந்து, கொல்லைப்புறங்களுக்கு மேலே போகும் படியேறித்தான் அரங்குக்குள் வர முடியும். பிரீமியர் லீக் கேட்பது வேறு: குறிப்பிட்ட இடங்களில் கேமராக்கள், பலமான விளக்குகள், செய்தியாளர் அறை, வீடியோ நடுவர் கருவிகளுக்கான வடங்கள். பாபர்ஸ் ஸ்டாண்டைப் பெருமளவு இடித்துக் கட்டினார்கள், ஏறக்குறைய 1 கோடி பவுண்டு செலவு. மே கடைசியில் ஏறிய அணிக்கு ஆகஸ்டுக்குள் முடிக்க நேரம் போதவில்லை. பர்ன்லியோடு நடக்க வேண்டிய முதல் உள்ளூர் ஆட்டம் தள்ளிப்போய், செப்டம்பர் 1 அன்று வெஸ்ட் ஹாமோடுதான் கதவு திறந்தது.

அந்த சீசனில் லூட்டன் எடுத்தது 26 புள்ளி, 18ஆம் இடம். 30 புள்ளி கழித்த ஆண்டில் மிஞ்சியதும் அதே 26தான். டிசம்பரில் போர்ன்மவுத்தில் லாக்கியருக்கு மைதானத்திலேயே இதயம் நின்று மீண்டது. அதன் பிறகு லூட்டனுக்காக அவர் ஆடவில்லை. அடுத்த ஆண்டு, பாராசூட் பணம் கையில் இருந்தும், சாம்பியன்ஷிப்பில் 49 புள்ளியோடு மூன்றாம் பிரிவுக்கு இறங்கினார்கள். எட்வர்ட்ஸ் அதற்கு முன்பே, 2025 ஜனவரியில் விலகியிருந்தார். மேலே இருந்தபோது இன்னும் நுட்பமாக ஆட வேண்டும் என்று மாற்றத் தொடங்கிய அணியில் பழைய நெருக்குதலும் பழைய உயரமும் சேர்ந்து நிற்கவில்லை. பிரீமியர் லீக்கில் பத்து நிமிடம் நெருக்கியும் பந்தை இழக்காத எதிராளிகளுக்கு எதிராக அந்த மாற்றம் தேவைதான். ஆனால் கீழே திரும்பியபோது, தன்னை ஏற்றிவிட்ட முறைக்குள் மறுபடி நுழைய லூட்டனால் முடியவில்லை.

நகரின் நடுவே பவர் கோர்ட் என்ற இடத்தில் புது மைதானம் கட்ட 2019 ஜனவரியிலேயே நகரசபை அனுமதி கொடுத்திருந்தது. பல ஆண்டுகளாகக் காகிதத்தில் இருந்த அந்தத் திட்டத்துக்கு, மேலே இருந்த ஒரே சீசனின் வருமானம்தான் வலு சேர்த்தது. 25,000 இருக்கைகள் திட்டம்.